என்னைத் தவிர எல்லோரிடமும் கேட்கிறாள்

மதிப்பும் மரியாதையும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். அங்கு தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்கால் வலி தேவலையா? என் வலி முழங்காலில் இல்லை, நெஞ்சுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லக் கூடாதா என்பீர்கள். என் போனும் உங்கள் தங்கை கையில்தான் இருக்கிறது. பல் டாக்டரோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் கல்யாணம் பேசி முடித்த அன்று, "எங்க தங்கச்சி வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேக்க மாட்டா மாப்பிள்ளை, அவ்வளவு அமைதி" என்று என் தோளில் தட்டிச் சொன்னது நீங்கள்தான். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். அந்த உத்தரவாதம் நான் வேலையில் இருந்தவரை நன்றாகத்தான் ஓடியது. நான் லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பழுதாகிவிட்டது. பழுது ஆரம்பித்தது ஒரு கடைவாய்ப் பல்லில். அவளைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போயிருந்தேன். பல்லை அடைத்து முடித்துவிட்டு அவர் வழக்கம்போல "வேற ஏதாவது சந்தேகம் இருக்காம்மா?" என்றார். நாமெல்லாம் என்ன செய்வோம், தலையை ஆட்டிவிட்டு எழுந்து வருவோம். உங்கள் தங்கை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "ஒண்ணு கேக்கலாமா டாக்டர், தப்பா நினைக்கக் கூடாது. நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள மூக்கை வெச்சுக்கிட்டு இருக்கீங்களே, குமட்டாதா?" என்றாள். நான் சுவரில் மாட்டியிருந்த பல்வரிசைப் படத்தை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தேன். டாக்டர் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார் பாருங்கள், இத்தனை நாள் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் மாதிரி. "இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லம்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வேளையும் பல் தேய்க்கிறோம்னு பொய் சொன்னா உங்களுக்குத் தெரியுமா?" என்றாள் இவள். "வாயைத் திறந்த உடனே தெரியும். சில பேருக்குத் திறக்கவே வேண்டாம்" என்று அவர் என் பக்கம் திரும்பினார். நான் வாயை மூடிக்கொண்டேன். வீடு வந்து சேரும்வரை திறக்கவில்லை.

அதோடு விட்டாளா? ருசி கண்ட பூனை ஆகிவிட்டாள் மச்சான். கண்ணாடிக் கடையில் அந்தப் பையன் வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு "இது நல்லாத் தெரியுதா, அது நல்லாத் தெரியுதா" என்று கேட்பானே, நாமும் பரீட்சைக்குப் பயந்த பிள்ளை மாதிரி எதையாவது உளறிவிட்டு வருவோமே, இவள் நேராகவே, "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது, எதைச் சொன்னா நீங்க சந்தோஷப்படுவீங்க?" என்று கேட்டிருக்கிறாள். ஒன்றாகத் தெரிந்தால் ஒன்றாகத் தெரிகிறது என்றே சொல்லலாமாம், அதுதான் அவனுக்கும் வேண்டுமாம். தையற்காரரிடம் போய், வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுத்தால் கண்டுபிடிப்பீர்களா என்று கேட்டிருக்கிறாள். அவர், "நீங்க மூச்சு விடற வரைக்கும் டேப்பை எடுக்க மாட்டேன்க்கா, ஏதாவது பேச்சுக் கொடுத்துக்கிட்டே இருப்பேன்" என்றாராம். இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்து சாப்பாட்டு நேரத்தில் அவிழ்க்கிறாள். எங்கள் கட்டடம் முழுக்க அவளுக்குக் கேள்வியக்கா என்றே பெயர் வந்துவிட்டது. தங்களால் கேட்க முடியாததையெல்லாம் மற்றவர்கள் இவளிடம் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மூன்றாம் மாடியில் ஒரு வங்கி மேலாளர் இருக்கிறார், என்னைப் பார்த்து ஒருநாள்கூடச் சிரிக்காதவர். அவர் எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, குழாய்க்காரர் வருவதற்கு முன் கழிப்பறையைக் கழுவி வைப்பதா வேண்டாமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டுப் போகிறார். உங்கள் தங்கை மறுநாளே குழாய்க்காரரைப் பிடித்துவிட்டாள். "கழுவிட்டா எங்க ஒழுகுதுன்னு தெரியாதும்மா. ஆனா கழுவாதீங்கன்னு சொல்லவும் எனக்கு மனசு வரல" என்பது அவர் பதில். வங்கி மேலாளர் குடும்பமே நன்றி சொல்ல வந்தது. நான் கதவைத் திறந்தேன். "அக்கா இல்லையா?" என்றார்கள்.

மறைத்து என்ன ஆகப்போகிறது மச்சான், எனக்குப் பொறாமைதான். வயிறு எரிகிறது. நானும் ஒரு தொழில் தெரிந்தவன் இல்லையா? இந்த ஊரில் பாதிப் பேரை மேலே ஏற்றிக் கீழே இறக்கியவன் நான். உயரமான கட்டடங்களின் நடுவே, லிஃப்ட் ஓடும் இருட்டுக் குழிக்குள் தொங்கிக்கொண்டு பல்லில் டார்ச்சைக் கடித்தபடி வேலை பார்த்தவன். என்னிடம் கேட்பதற்குக் கேள்வியா இல்லை? பல்லைப் பற்றிக் கேட்கிறாள், துணியைப் பற்றிக் கேட்கிறாள், கழிப்பறையைப் பற்றிக்கூடக் கேட்கிறாள். லிஃப்ட்டைப் பற்றி ஒரு சொல், ஒரே ஒரு சொல், கட்டியவனிடம் இதுவரை கேட்டதுண்டா? அதில் ஏறுவதுகூட இல்லை. காய்கறிப் பையோடு படியேறித்தான் வருவாள், நடந்தால் உடம்புக்கு நல்லது என்பாள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவள் கேட்காவிட்டால் போகிறது, ஊரார் கேட்கட்டும் என்று நானே இறங்கினேன். ஒரு காலை நேரம், முகம் மழித்து, இஸ்திரி போட்ட சட்டை அணிந்து, கீழ்த்தளத்தில் லிஃப்ட் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். குழந்தையோடு பால் வாங்கி வந்த ஒரு அம்மாவிடம், "லிஃப்ட்டைப் பத்தி ஏதாவது சந்தேகம் இருந்தா கூச்சப்படாமக் கேளுங்கம்மா" என்றேன். "ஐயையோ, லிஃப்ட்ல ஏதாவது சந்தேகமா?" என்று அவர் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு படியில் ஓடினார். அடுத்து வந்தவர், "பயப்படறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று நான் சொன்னதைக் கேட்டே பயந்துவிட்டார். மத்தியானத்துக்குள் கட்டடமே படியில் ஏறி இறங்கியது. லிஃப்ட் வேலையிலேயே பழம் தின்று கொட்டை போட்டவரே வாசலில் காவல் நிற்கிறார் என்றால் கயிறு அறுகிற நிலையில் இருக்கிறது என்று பேச்சு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. கட்டடச் செயலாளர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் ஒரு கம்பெனிக்குப் போன் செய்து மெக்கானிக்கை வரவழைத்துவிட்டார்.

வந்தான் மச்சான் ஒருத்தன். நாற்பது வயது இருக்கும். தலை நிறைய முடி. லிஃப்ட் வேலை செய்கிறவன் சட்டையில் ஒரு சொட்டு எண்ணெய்க்கறை இல்லை, சென்ட் வாசம் வேறு. பழுது எதுவும் இல்லை என்று அவன் கருவிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது, உங்கள் தங்கை டீத் தம்ளரோடு கீழே போனாள். எனக்குப் பொறி தட்டியது. பின்னாலேயே இறங்கிப் படித் திருப்பத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒட்டுக்கேட்டேன் என்று நினைத்துக்கொண்டாலும் சரி. "தம்பி, தப்பா நினைக்காதீங்க, இந்தக் கயிறு அறுந்துட்டா?" என்றாள். லிஃப்ட்! லிஃப்ட்டைப் பற்றி! வேறொரு லிஃப்ட்காரனிடம்! என் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியிருந்தாலும் அப்படிச் சுட்டிருக்காது. "ஒரு கயிறு இல்லம்மா, பல கயிறு. ஒண்ணே மொத்தப் பாரத்தையும் தாங்கும்" என்றான். "எல்லாமே அறுந்துட்டா?" "வேகம் கூடின உடனே அடியில இருக்கற பிடி ரெண்டு பக்கமும் இருக்கற இரும்புத் தண்டவாளத்தைக் கவ்விக்கும். விழாதும்மா." "நடுவுல நின்னுட்டா மூச்சு முட்டாதா?" "காத்து வர்றதுக்கு இடுக்கு இருக்கு." "அவசரத்துக்குப் பட்டனைப் பத்துத் தடவை அமுக்கறோமே?" "ஒரு தடவை போதும். மத்ததெல்லாம் நம்ம மன ஆறுதலுக்கு." அவன் ஒரு பதிலாவது தப்பாகச் சொல்வான், படியிலிருந்து குதித்துப்போய்த் திருத்தலாம் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாவி, எல்லாவற்றையும் சரியாகச் சொல்லித் தொலைத்தான். கடைசியில் இவள், "நல்லாப் புரியற மாதிரி சொல்றீங்க தம்பி" என்று சொல்லி, அவன் நம்பரையும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

சமையலறையில் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

"நான் செத்தா போயிட்டேன்?" என்றேன்.

"என்ன பேச்சுங்க இது?"

"கயிறு அறுமா அறாதான்னு என்கிட்டக் கேட்டா வாய் வலிக்குமா? அவன் தலைமுடிக்குத்தான் பதில் தெரியுமா?"

அவள் குழாயை மூடினாள். பிறகு, "எனக்கு லிஃப்ட்னாலே பயம்ங்க. கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே" என்றாள்.

"அதை என்கிட்டச் சொல்றதுக்கென்ன?"

"லிஃப்ட்காரர் பொண்டாட்டிக்கே லிஃப்ட்ல பயம்னா வெளியில நாலு பேரு என்ன சொல்லுவாங்க?"

"நாலு பேரு கிடக்கட்டும். வீட்டுல நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

"உங்ககிட்ட எப்படிங்க கேப்பேன்?" என்று என் பக்கம் திரும்பினாள். "காலையில டிபன் டப்பாவைக் கையில குடுத்து அந்தக் குழிக்குள்ளதானே உங்களை அனுப்பினேன். கயிறு அறுமான்னு கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா? மறுநாள் எப்படி அனுப்புவேன்? சாயங்காலம் உங்க செருப்புச் சத்தம் கேட்டாப் போதும்னு இருப்பேன். இப்ப நீங்க வீட்டோட இருக்கீங்க. இப்பத்தான் கேக்கறதுக்கே தைரியம் வந்துச்சு. அப்பவும் உங்க மூஞ்சியைப் பாத்துக் கேக்க முடியல."

ஈரக்கையோடு அவளைக் கூட்டிக்கொண்டு போய் லிஃப்ட் முன்னால் நிறுத்தினேன். கதவு மூடும்போது என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் ரத்தம் கட்டிவிட்டது, இன்னும் நீலமாக இருக்கிறது. "இது என்ன சத்தம்?" என்றாள். சொன்னேன். "ஏன் இப்பக் குலுங்குது?" சொன்னேன். "வேலை செய்யறப்ப நீங்க எந்த இடத்துல நிப்பீங்க?" என்றாள். தலைக்கு மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். மேலே போனோம், கீழே வந்தோம், மறுபடி மேலே போனோம். ஒவ்வொரு மாடியிலும் கதவு திறந்தது, ஒருவரும் ஏறவில்லை, நாங்களும் இறங்கவில்லை. கடைசியில் செயலாளர் வந்து, லிஃப்ட்டுக்கு மறுபடியும் ஏதோ ஆகிவிட்டதா என்று கேட்டபோதுதான் வெளியே வந்தோம்.

சரி, அதோடு மனம் ஆறிவிட்டதா என்றால் இல்லை. அந்த மெக்கானிக் நம்பரை அவள் போனில் 'லிஃப்ட் தம்பி' என்று பதிந்து வைத்திருக்கிறாள். என் நம்பர் என்ன பெயரில் இருக்கிறது தெரியுமா? 'வீடு'. வெறும் வீடு. ஆகையால் தாங்கள் அண்ணன் என்ற முறையில் உடனே புறப்பட்டு வந்து, இனி எந்தச் சந்தேகம் என்றாலும் முதலில் கட்டிய கணவனிடம்தான் கேட்க வேண்டும், பிறகுதான் பல் டாக்டர், தையற்காரர், சென்ட் போட்டவன் எல்லாம் என்று அவளிடம் கண்டித்துச் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்த ஓர் உதவியைக் காலம் உள்ளவரை மறக்க மாட்டேன்.

தங்கள் முழங்கால் வலி தீர்ந்து, வீட்டில் அனைவரும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டும் என்று நெஞ்சார வேண்டுகிறேன். தங்கள் துணைவியாருக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைக் கைப்பிடித்தவன்

பி.கு.: இதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் நிலைமை மாறிவிட்டது. வர வேண்டாம். அவள் இப்போது என்னிடம் மட்டும்தான் கேட்கிறாள், விடிந்ததிலிருந்து தூங்கும்வரை. லிஃப்ட் கேள்விகள் ஒரே நாளில் தீர்ந்துபோய், ஃப்ரிட்ஜ் ஏன் உறுமுகிறது என்று கேட்டாள். தெரியாது என்று சொல்ல மானம் இடம் கொடுக்காமல், தெருக்கோடியில் ஃப்ரிட்ஜ் பழுதுபார்க்கும் அம்மாவிடம் போய், தப்பாக நினைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, கூச்சத்தை விட்டுக் கேட்டேன். என்ன அருமையாக விளக்கினார் தெரியுமா மச்சான், நேரம் போனதே தெரியவில்லை, இரண்டு டீ குடித்தோம். வீட்டுக்கு வந்தால் உங்கள் தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள். "அந்தம்மாகிட்ட அவ்வளவு நேரம் என்ன பேச்சு?" என்றாள். இப்போது உள் அறையில் உட்கார்ந்து உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாள். அது வந்தால் ஒரு வார்த்தையையும் நம்ப வேண்டாம். இந்தக் கடிதத்தையும்தான்.