ஒல்லிக்கு நாற்பத்திரண்டு, குண்டுக்கு இருபத்தெட்டு

காலை ஏழு மணி. என் காருக்குச் சக்கரம் நான்கு, டயர் மூன்று. எதிரே இடுப்பில் கை வைத்து நின்றவள் ஆதிலட்சுமி, என் மனைவி.

நான்காவது, முன்பக்க டயர் முந்தின நாள் குருவிநத்தம் ஆற்றங்கரைப் பாதையில் வெடித்துவிட்டது. எனக்குக் காயமில்லை. பக்கத்தில் மேய்ந்த எருமைதான் அன்றிலிருந்து கறக்க விடவில்லை.

இது 1936 நவம்பர். சீமைக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்கார இஞ்சினீயரிடம் அந்தக் காரை வாங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. தை பத்தாம் தேதி மடுகரையில் என் மைத்துனி ஜெயாவுக்குக் கல்யாணம். அங்கே என் சகலை அரங்கநாதன் இருக்கிறார். அவரிடம் குதிரை வண்டி இருக்கிறது. பதினாலு வருஷமாக, மாமனார் வீட்டு விசேஷம் ஒவ்வொன்றுக்கும் அவர் மணியடித்துக்கொண்டு வந்து இறங்குவார். நான் மாட்டு வண்டியிலிருந்து வைக்கோலைத் தட்டிக்கொண்டு இறங்குவேன். இந்தத் தடவை காரில் வருகிறேன் என்று அவருக்குக் கடுதாசியே போட்டுவிட்டேன். அதில் 'காரில்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

ஆகவே ஒரு டயர் வேண்டும்.

நான் வெல்லம் காய்ச்சுகிறவன். எனக்குப் பொருள் என்றால் எடை, எடை என்றால் விலை. வெடித்த டயரை வெல்லத் தராசில் தூக்கி வைத்து வீசைக் கணக்கு எழுதிக்கொண்டு வில்லியனூருக்குப் போனேன். அங்கே சைக்கிளும் டயரும் விற்கும் கலீலுல்லா கடையில் சீட்டை நீட்டினேன்.

"இன்னா அண்ணே இது?"

"டயர் எடை. இந்த எடைக்கு ஒண்ணு குடு."

கலீலுல்லா சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"டயர எடை போட்டு விக்கிறதில்ல அண்ணே. பக்கத்துல நம்பர் போட்டிருக்குமே, அது இன்னா?"

நம்பரைச் சொன்னேன். அவர் மேலேயிருந்து ஒரு டயரை இறக்கினார். உயரமாக, ஒல்லியாக, பட்டினி கிடந்தவன் மாதிரி இருந்தது.

"நாப்பத்திரண்டு ரூபா."

பக்கத்தில் இன்னொன்று கிடந்தது. குட்டையாக, குண்டாக.

"அது?"

"இருபத்தெட்டு."

"எதுல ரப்பர் ஜாஸ்தி?"

"குண்டுலதான்."

"அப்ப ரப்பர் கொறைய கொறைய விலை ஏறுமா?"

"அப்படி இல்ல அண்ணே. அதோ மூலையில இருக்கு பாருங்க, அதுவும் குண்டுதான், ஆனா வளையம் பெருசு. அது முப்பத்தஞ்சு."

"பெருசானா விலை ஏறும்?"

"ஏறும்."

"அப்ப ஒல்லி?"

"அதுவும் ஏறும்."

எனக்குத் தலை சுற்றியது. கலீலுல்லா பொறுமைசாலி. உட்கார வைத்துச் சோடா கொடுத்தார். ஒல்லி டயர் பழைய மோஸ்தராம். இறுக்கமாகக் காற்றடிக்க வேண்டுமாம். அதற்காக உள்ளே நூல் அடுக்கு அதிகமாம். இப்போது வருகிற கார்களுக்கெல்லாம் குண்டுதானாம். ஒரே அச்சில் ஆயிரம் குண்டு வார்க்கிறவன், ஒல்லிக்கென்று அச்சை எடுத்துப் பத்தோ பதினைந்தோதான் வார்க்கிறானாம். வளையம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, பக்கச் சுவர் எவ்வளவு உயரம், உள்ளே எத்தனை அடுக்கு, எத்தனை பேர் கேட்கிறார்கள் என்று ஐந்து காரணம் சொன்னார். ஐந்தும் புரிந்தது. சேர்த்தால் ஒன்றும் புரியவில்லை.

"என் காருக்குக் குண்டையே போட்டா?"

"வளையத்துல ஏறாதுண்ணே."

பணப்பெட்டிச் சாவி ஆதிலட்சுமியிடம். கார் டயருக்கு என்று கேட்டால் சாவி அசையாது. வழியெல்லாம் யோசித்தேன். எங்கள் ஊர் பாகூர் வருவதற்குள் திட்டம் பழுத்துவிட்டது.

"ஆதி, நம்ம கரும்பு வண்டி வருஷா வருஷம் ஆத்து மணல்ல அழுந்துதே. அதுக்கு ரப்பர் டயர் போடப் போறேன்."

அவள் அரிவாள்மனையை நகர்த்தி வைத்தாள். இதைக் கேட்கவே பிறந்தவள்போல முகம் மலர்ந்தது. "நெஜமாவா? எவ்ளோ?"

"நாப்பத்திரண்டு."

"ஒண்ணா, ரெண்டா?"

"ஒண்ணு."

"ஏங்க, மாட்டு வண்டிக்கு ஒரு பக்கம் மட்டுமா டயர் போடுவாங்க?"

இதை நான் யோசிக்கவில்லை. "ரெண்டுதான். ஒண்ணுக்கு விலை சொன்னேன்."

"வேற தினுசு இல்லியா?"

குழப்பத்தில் இருக்கிற மனுஷன் குழப்பத்தை யாரிடமாவது இறக்கி வைக்காமல் இருக்க முடியாது. மூன்று விலையையும் ஐந்து காரணத்தையும் அவளிடம் கொட்டினேன். எடை அதிகமானது ஏன் விலை குறைவு என்று அவளையே கேட்டேன்.

"இதுல இன்னா புரியல? எங்க மாமா குடுத்த லாந்தருக்குச் சிமினி ஒடஞ்சப்ப நாலு கடை ஏறி எறங்குனீங்களே. லாந்தர் விலையவிடச் சிமினி விலை ஜாஸ்தி. ஏன்? அந்த அளவு வெளக்கு ஊர்லயே நம்மகிட்ட மட்டுந்தான் இருந்திச்சி."

புரிந்த மாதிரி இருந்தது. அதுதான் கோபமாக இருந்தது.

"அது சரி, மணல்ல ஒல்லி நல்லதா, குண்டு நல்லதா?"

"ஒல்லி அழுந்தும். குண்டுதான்..." நிறுத்திக்கொண்டேன். நாக்கு நிற்கவில்லை. "...நல்லது."

"அப்ப விலை கொறைஞ்சதுதான் நமக்கு ஒசத்தி! நீங்க ஒரு தடவ வெவரமா விசாரிச்சிட்டு வந்தது எவ்ளோ நல்லதாப் போச்சி பாருங்க."

பணத்தை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் ஒல்லியை வாங்கிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை நானும் வரேன். வில்லியனூர் கோயிலுக்கு வேண்டுதல் ஒண்ணு இருக்கு."

கோயிலில் அவள் கால் நாழிகை இருந்தாள். கலீலுல்லா கடையில் இரண்டு மணி நேரம். டயருக்குள் கை விட்டுத் தடவினாள். நூல் அடுக்கை எண்ணச் சொன்னாள். உடைத்துப் போட்ட காரிலிருந்து கழற்றிய இரண்டு இரும்புச் சக்கரத்தையும் சேர்த்துக் கேட்டாள்.

"பாய், மாடு என்ன முப்பது மைலா ஓடப் போவுது? தேஞ்ச டயரே போதும். விலையச் சொல்லுங்க."

குண்டு டயர் இரண்டு, சக்கரத்தோடு நாற்பது ரூபாய்க்கு வந்தது. கலீலுல்லா என் காதருகே வந்தார்.

"அண்ணே, அடுத்த தடவ அண்ணிய முதல்ல அனுப்புங்க."

மறுநாள் கொல்லன் பச்சையப்பன் வந்தான். சக்கரம் சரி, அச்சு வேண்டும் என்றான். மர அச்சில் இந்தச் சக்கரம் நிற்காதாம். நான் உள்ளூர மகிழ்ந்தேன். அச்சு இல்லை, வேலை நின்றது, சக்கரத்தைத் திருப்பிக் கொடுத்து ஒல்லி வாங்கலாம்.

ஆதிலட்சுமி திரும்பினாள். கொட்டகையில் நின்ற காரைப் பார்த்தாள். பச்சையப்பனும் பார்த்தான்.

"அது ஓடுற கார்!" என்றேன்.

"மூணு கால்லயா?" என்றாள்.

"அப்ப இந்தக் குண்டுச் சக்கரத்தக் கார்லயே மாட்டுடா, பச்சையப்பா!"

"மாட்டலாங்க. துளை புதுசாப் போட்டாப் போதும். ஆனா முன்னாடி குட்டையும் பின்னாடி நெட்டையுமா கார் குனிஞ்சிக்கினு போவும். திருப்புனீங்கன்னா குண்டு டயர் இரும்புல ஒரசி அங்கியே நின்னுடும். வண்டிக்கு அந்தத் தொல்லை இல்ல பாருங்க, மாடு திரும்புனா வண்டி திரும்பும்."

"அளவு ஒத்துவராதுடா. அளவெடுக்காம காரப் பிரிக்கக் கூடாது."

பச்சையப்பன் மடியிலிருந்து முடிச்சுப் போட்ட கயிறு ஒன்றை எடுத்தான். "கார் முன்னச்சு அளவு அச்சா ஒத்துவருதுங்க. அம்மா போன அமாவாசையிலியே எடுக்கச் சொல்லிட்டாங்களே."

போன அமாவாசைக்கு என் காரில் நாலு டயரும் நன்றாக இருந்தன.

நான் ஆதிலட்சுமியைப் பார்த்தேன். அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"எப்பிடியும் ஒரு நாள் வெடிக்கும்னு தெரியும். ஓட்டுறது நீங்கதானே?"

தை பத்தாம் தேதி மடுகரைக்கு, காரின் முன்னச்சு மாட்டிய டயர் வண்டியில் போனோம். மணலில் அழுந்தவில்லை, குலுங்கவில்லை, வைக்கோல்கூடத் தேவைப்படவில்லை. அரங்கநாதன் குதிரை வண்டியிலிருந்து இறங்கி வந்து, "எங்க சகலை, காரு?" என்று கேட்டார். "இதுல கொஞ்சம் இருக்கு" என்றேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் என்னை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. பிறகு என் மனைவியிடம் போய், வளையம் எவ்வளவு, எத்தனை அடுக்கு, ஏன் இவ்வளவு மலிவு என்று கேட்டார். அவள் ஐந்து காரணத்தையும் சொன்னாள். அவருக்கு ஒரே தடவையில் புரிந்துவிட்டது.

1938 பிப்ரவரி 3-ஆம் தேதி வியாழக்கிழமை, காரின் பின்னச்சும் கழற்றப்பட்டு, ஒல்லி டயர் இரண்டோடும் அரங்கநாதனுக்கு, அவர் குதிரை வண்டிக்கென்று விற்கப்பட்டது.