என் முட்டியை எடுத்துக்கொண்ட ஜப்பான்காரர்

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்.

அன்பு மகள் டாக்டர் இளவரசிக்கு, ஏகாம்பரநாதர் கிருபையில் அப்பா வீரபாகு எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, தறி மூவரும் சௌக்கியம். அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. சாப்பிட மாட்டாய் என்று தெரியும். போனில் பேசினால் பாதியிலேயே "வச்சிடறேம்பா" என்பாய், அதனால்தான் கடிதம்.

"அடுத்த மாசம் பேராசிரியர் வேலைக்கு இன்டர்வியூப்பா. என் கட்டுரையை எத்தினி பேரு எடுத்து எழுதியிருக்காங்கன்னு பார்ப்பாங்க" என்று நீ சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனை வருஷமாக நீ காத்திருக்கிற வேலை! உடனே எதிர்வீட்டு நதியாவைப் பார்க்க ஓடினேன். பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறவள், அவளுக்குத் தெரியாதது இல்லை. கம்ப்யூட்டரைத் தட்டி, "பெரிப்பா, அக்கா கட்டுரையை ஊரு உலகமே எடுத்திருக்குது பாருங்க" என்று வரிசையாகக் காட்டினாள். பிரேசில், துருக்கி, டில்லி, கடைசியில் ஒரு ஜப்பான்காரர். எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது. ஏம்மா, தறிக்குழியில் கால் விட்டு நெய்கிறவர்களுக்கு முட்டி ஏன் தேய்கிறது என்கிற கட்டுரைதானே அது? லீவுக்கு வந்தபோதெல்லாம் என்னைக் கட்டிலில் படுக்க வைத்து, "மடக்குப்பா, நீட்டுப்பா" என்று உயிரை வாங்கினாயே, அந்த முட்டிதானே? அதை எடுக்க ஜப்பான்காரர் யாரைக் கேட்டார்?

ஒருத்தன் போட்ட டிசைனை நாலு தறியில் நெய்துவிட்டால், முதலில் போட்டவன் புடவையைக் கடை முதலாளி ஓரமாகத் தள்ளிவிடுவார் என்பது நீ பார்த்து வளர்ந்ததுதானே. என் இரட்டை மயில் பார்டரைத் தணிகாசலம் அப்படியே நெய்தபோது, தெருப் பெரியவர்கள் இரண்டு புடவையையும் பிள்ளையார் கோயில் வாசலில் விரித்துப் போட்டுப் பஞ்சாயத்து பேசினார்கள். நீ அப்போது முன்பல் விழுந்த பொடிசு. கூட்டத்துக்குள் புகுந்து புடவை மேல் உட்கார்ந்துகொண்டு, "இது எங்கப்பா மயிலு! யாருக்கும் தர மாட்டேன்!" என்று கத்தினாய். தணிகாசலம் கமர்கட் கொடுத்துப் பார்த்தான். அதைத் தின்றுவிட்டு மறுபடியும் கத்தினாய். பெரியவர்களுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. அன்னிக்கு நான் ஜெயிச்சது உன்னாலதான் கண்ணு. எப்பேர்ப்பட்ட நாள் அது! நினைச்சா இப்பவும் நெஞ்சு நிறைஞ்சு போவுது. அம்மாகூட அன்னிக்குப் பாயசம் வச்சா.

எனக்காகச் சண்டை போட்ட பெண்ணுக்கு நான் போட மாட்டேனா? அத்தனை பேருக்கும் நதியாவை இங்கிலீஷில் மெயில் அடிக்கச் சொன்னேன். "ஐயா, முட்டி என்னுடையது, ஆராய்ச்சி என் மகளுடையது. மரியாதையாக விட்டுவிடவும். இல்லையேல் தெருவில் வைத்துப் பேசுவோம்." நதியா, "அக்காவ ஒரு வார்த்த கேட்டுக்கலாமே பெரிப்பா" என்று இழுத்தாள். "நீ அடிம்மா" என்றேன். மற்றவர்கள் கமுக்கமாக இருக்கிறார்கள். ஜப்பான்காரர் மட்டும் மானஸ்தர். அச்சுக்குப் போகவிருந்த புதுக் கட்டுரையிலிருந்து உன் பெயரை எடுத்துவிட்டதாகவும், மிகவும் வருந்துவதாகவும் பதில் போட்டார். மீதிப் பேரையும் இன்டர்வியூவுக்குள் வழிக்குக் கொண்டுவருகிறேன். நீ நிம்மதியாகத் தூங்கு.

காமாட்சி உனக்கு ஒரு குறையும் வைக்க மாட்டாள். மாப்பிள்ளை முத்துக்குமாரை மிகவும் விசாரித்ததாகச் சொல்லவும். பேத்திக்கு முத்தம்.

உன் பெருமையில் வாழும் அப்பா,
வீரபாகு.

பி.கு.: கவரை ஒட்டப் போகிற நேரத்தில் உன் அம்மா வந்தாள். நீ போன் பண்ணினாயாம். உன் பேரை நீக்கிவிட்டதாக ஜப்பான்காரர் உனக்கும் ஒரு வரி எழுதினாராம், ஏன் என்று புரியாமல் அழுதாயாம். கட்டுரையை எடுத்து எழுதுகிறவர்கள் உன் பேரைச் சொல்லித்தான் எழுதுவார்களாம், அந்த எண்ணிக்கை கூடக் கூடத்தான் டாக்டருக்கு மதிப்பாம். அதற்குப் பிறகு அம்மா என்னைக் கேட்டதையெல்லாம் எழுத முடியாது. மேலே உள்ள எதையும் படிக்காதே. வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். நதியா மறுபடி எல்லாருக்கும் மெயில் அடிக்கிறாள்: "ஐயா, முட்டியைத் தாராளமாக எடுத்துக்கொள்ளவும். இன்னொன்றும் இருக்கிறது." ஜப்பான்காரர் இன்னும் வாய் திறக்கவில்லை. அதனால் இன்டர்வியூ அன்னிக்கு முதல் பஸ்ஸுலயே வந்துடறேன். ரூம் வாசல்ல நின்னுக்கினு இருப்பேன். ஒரு பேரு குறையுதேன்னு அவங்க கேட்டா என்னைக் கூப்புடும்மா. "குறைச்சது என் பொண்ணு இல்ல சார், நான்தான்"னு சொல்லிட்டுப் போறேன்.