மருமகளின் ரேஸ் உடுப்பு விஷயமாக

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கும் எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அந்த ஒரு வரியை முடிப்பதற்குள் மூன்று தடவை எழுந்துபோய் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாயிற்று. என் மகள், அதாவது உன் அருமை மருமகள், கிளினிக்கிலிருந்து இன்னும் வரவில்லை. பல் டாக்டர் என்றால் பல்லைப் பிடுங்கினோமா, கையைக் கழுவினோமா, வீடு வந்து சேர்ந்தோமா என்று இருக்க வேண்டும். இவள் நடுவில் பந்தய ஓடுபாதைக்குப் போய், தரையோடு தரையாகக் கிடக்கும் ஒரு நாலு சக்கரத் தகரத்தில் ஏறிக்கொள்கிறாள். கோ-கார்ட்டாம். பூங்காவில் குழந்தைகள் ஓட்டுவார்களே, அது என்றுதான் நானும் நினைத்தேன். அது வேறு. இது போடுகிற சத்தத்தில் நம் பல்லே ஆடுகிறது.

நீ அனுப்பிய பார்சல் பத்திரமாக வந்து சேர்ந்தது. சிவப்பு உடுப்பு மிகவும் அழகு. நான் உன்னிடம் கேட்டது தீப்பிடிக்காத உடுப்பு. நீயும் சொன்ன சொல் தவறாமல் அதையே வாங்கி அனுப்பியிருக்கிறாய். உன்மேல் சந்தேகப்பட்டு அல்ல, ஆனால் ஆயுள் முழுக்க இன்சூரன்ஸ் ஆபீசில் விபத்துக் கோப்புகளையே படித்துப் பழகிய எனக்கு எதையும் சோதிக்காமல் நம்பும் வழக்கம் கிடையாது. அதனால் அடுப்பைப் பற்றவைத்து, உடுப்பின் கைப்பகுதியை நெருப்பில் காட்டினேன். அபாரம்! உடுப்பு எரியவே இல்லை. என் சட்டைக் கைதான் எரிந்தது. உன் அக்கா பாத்திரம் கழுவிய தண்ணீரை அப்படியே என்மேல் ஊற்றிவிட்டு, “உங்களுக்குத்தான் முதல்ல ஒரு உடுப்பு அனுப்பச் சொல்லணும்” என்றாள். ஈரத்தோடு நின்றாலும் எனக்கு நிம்மதியாக இருந்தது. பெண் எரிய மாட்டாள்.

அந்த நிம்மதி ஓடுபாதை வாசல்வரைதான் வந்தது. பந்தயத்துக்கு முன்னால் உடுப்பு, ஹெல்மெட், கையுறை எல்லாவற்றையும் ஒரு மேஜைமேல் வைத்துக் காட்ட வேண்டும். மேஜைக்குப் பின்னால் கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு அம்மாள். சோதனை அதிகாரி. அவர் உன் உடுப்பைத் தடவியும் பார்க்கவில்லை, மெச்சவும் இல்லை. கழுத்துப்பட்டியைத் திருப்பினார், அங்கே தைத்திருந்த முத்திரையைப் படித்தார், மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“இது நல்ல உடுப்பு சார். ஆனா இங்க ஆகாது.”

“ஏம்மா? நெருப்புல காட்டிப் பாத்துட்டேனே! ஒண்ணுமே ஆகல.”

“அது கார் ரேஸுக்கான தரம். கார்ல தீ வந்தா ஆளு பெல்ட்டைக் கழட்டிட்டு வெளிய வர்ற வரைக்கும் தாங்கணும். கார்ட்டுக்கு வேற தரம். இதுல உராய்வு தாங்கணும்.”

“எதோட உராய்வு?”

“தாரோட சார். கார்ட்ல பெல்ட் கிடையாது இல்லையா? மோதினா ஆளு வெளிய தெறிச்சு, தேய்ஞ்சுக்கிட்டே போவாங்க.”

பெல்ட் கிடையாது! எத்தனை மாதமாக இவள் ஓட்டுகிறாள், வீட்டில் யாராவது மூச்சு விட்டார்களா? நான் மகளைப் பார்த்தேன். அவள் தன் ஹெல்மெட்டை ரொம்ப சிரத்தையாகத் துடைக்க ஆரம்பித்தாள். அன்றைக்கு அவளை ஓட்ட விடவில்லை. வீடு வரும் வழியெல்லாம் அவளுக்கு ஓட்ட முடியாத கோபம், எனக்கு அவள் தேய்ந்துகொண்டு போகும் படம். உன் உடுப்பில் குறை இல்லை மாப்பிள்ளை, என் மகள் எரிவதாக இருந்தால் அதைவிடச் சிறந்தது உலகத்தில் கிடையாது. இவள் தேய்வதாக அல்லவா இருக்கிறாள்!

மறுநாளே ஊரெல்லாம் அலைந்து, விளையாட்டுச் சாமான் கடை ஒன்றில் கோ-கார்ட் உடுப்பைப் பிடித்தேன். “தர முத்திரை இருக்கா?” என்றேன். கடைக்காரர், “எந்த முத்திரை சார் வேணும்?” என்று கேட்டார். அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும். கழுத்தில் முத்திரை இருக்கத்தான் செய்தது, ஆனால் தையல் இல்லை, ஒட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உடுப்பில் இல்லை, என் கட்டைவிரலில் இருந்தது. மகளுக்கோ புது உடுப்பு வந்துவிட்டது என்று ஒரே சந்தோஷம். மறுநாளே பந்தயம். “போட்டுக்கிட்டுப் போறேம்ப்பா, அந்த அம்மா லீவுல போயிருக்காங்க, வேற ஆளுதான் பாப்பாரு” என்று சொல்லிவிட்டு கிளினிக்குக் கிளம்பிவிட்டாள். வேறு ஆள் பார்த்தால் தார் விட்டுவிடுமா? எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்து நடந்து, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தேன். நெருப்புக்கு நெருப்பில் காட்டினோம், தாருக்குத் தாரில் காட்டுவோம்.

உடுப்புக்குள் தலையணைகளைத் திணித்தேன். கனத்துக்குச் செங்கல். கைக்குக் கையுறை மாட்டினேன். தலை இல்லாமல் பார்க்க மனசு கேட்கவில்லை, அதனால் பழைய ஹெல்மெட் ஒன்றையும் வைத்துக் கட்டினேன். மாடியில் குடியிருக்கும் வயலின் வாத்தியாரிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. அவர் எதையும் ஏன் என்று கேட்காத மனிதர். கயிற்றின் ஒரு முனை ஸ்கூட்டரில், மறு முனை அந்த உருவத்தின் இடுப்பில். நான் பின்னால் ஓடிக்கொண்டே, “இன்னும் வேகமா! முழங்கால் தேயட்டும்! முழங்கால் தேயட்டும்!” என்று கத்தினேன். எதிர்வீட்டுப் பால்கனியில் நின்றவர்கள் இதை மட்டும்தான் பார்த்தார்களாம், கேட்டார்களாம். தெரு முனையில் வாத்தியார் திரும்புவதற்குள் போலீஸ்காரர் குறுக்கே வந்து நின்றுவிட்டார்.

“யார் சார் இது?”

“யாரும் இல்லைங்க. என் பொண்ணோட உடுப்பு.”

“பொண்ணு எங்க?”

“பல் பிடுங்கிட்டு இருக்கா.”

அவர் முகம் போன போக்கைப் பார்த்து வாத்தியார் தாமாகவே ஸ்கூட்டரிலிருந்து இறங்கி இரண்டு கையையும் தூக்கிவிட்டார். போலீஸ்காரர் மெதுவாகக் குனிந்து ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினார். உள்ளே உன் அக்காவின் பூப்போட்ட தலையணை உறை. கூட்டம் கூடிவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் உன் மருமகள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கத்தப்போகிறாள் என்று நான் ஒதுங்கினேன். அவள் கத்தவில்லை. நடுத்தெருவில் மண்டியிட்டு, உடுப்பின் முழங்காலைத் திருப்பினாள். துணி போய், உள்பஞ்சு போய், தலையணை போய், செங்கல் தெரிந்தது. எங்கள் வாசலிலிருந்து தெரு முனைவரைதான் போயிருந்தது. அவள் அந்த ஓட்டைக்குள் கையை விட்டாள். விரல்கள் நேரே செங்கலில் முட்டின.

“நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டுப் போயிருப்பேம்ப்பா” என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. போலீஸ்காரரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “கடை எங்க இருக்கு சார்?” என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

அன்று மாலையே அவள் லீவில் இருந்த சோதனை அம்மாளுக்குப் போன் போட்டாள். அவர் தன்னிடம் முன்பு கார்ட் ஓட்டப் பழகிய பெண் ஒருத்தியிடமிருந்து சரியான உடுப்பு ஒன்றை இரவல் வாங்கிக் கொடுத்தார். கழுத்தில் நூலால் தைத்த முத்திரை, எண், உராய்வுக்கான உயர்ந்த தரம். நான் நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. இதையும் இழுத்துப் பார்க்கலாமா என்று வாத்தியாரை நிமிர்ந்து பார்த்தேன். அவர் மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பந்தயத்தில் நான் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றேன். ஆனால் சத்தம் மாறியதும் தானாகத் திறந்துவிட்டது. வளைவில் பின்னால் வந்தவன் இடித்தான். அவள் வண்டி ஒரு பக்கம் போயிற்று, அவள் ஒரு பக்கம் போனாள். தேய்ந்துகொண்டே போனாள் மாப்பிள்ளை, அந்த அம்மாள் சொன்னபடியே. பாதை ஓரத்து டயர் அடுக்கை நான் எப்படித் தாண்டினேன் என்று எனக்குத் தெரியாது. கொடிக்காரர்கள் பின்னாலேயே துரத்திக்கொண்டு வந்தார்கள். போய்ச் சேர்ந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முழங்கைப் பக்கம் துணி வெளுத்துப் பிசிறாகிக் கிடந்தது. கிழியவில்லை. கையுறையைக் கழற்றி, என் முகத்துக்கு நேரே விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டிக் காட்டினாள்.

“எல்லாம் இருக்குப்பா. நீ மூச்சு விடு.”

நான் மூச்சு விட்டேன். பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பந்தயத்துக்கு இடைஞ்சல் செய்ததற்காக என்னை வெளியே அனுப்பினார்கள்.

இதெல்லாம் எதற்கு எழுதுகிறேன் என்றால், அவளுக்கு எடுத்துச் சொல்ல உன்னைவிட்டால் ஆள் இல்லை. மாமா சொன்னால் கேட்பாள். இந்தக் கோ-கார்ட்டை இதோடு நிறுத்தச் சொல்லிக் கண்டிப்பாக, கோபமாகவே, இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுது. என்னால் இனிமேல் தாங்காது. உனக்கும் உன் மனைவிக்கும் எங்கள் ஆசிகள். குழந்தைகள் நன்றாகப் படிக்கட்டும், சைக்கிள்கூட மெதுவாக ஓட்டட்டும்.

இப்படிக்கு,
தூக்கம் கெட்ட உன் அத்தான்.

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் அவள் கண்ணில் பட்டுவிட்டது. முழுக்கப் படித்தாள். “ஒரே ஒரு ரவுண்டு நீ ஓட்டிப் பாருப்பா. அப்புறமும் நிறுத்துன்னு சொன்னா நிறுத்திடறேன்” என்றாள். இதோடு ஒழியட்டும் என்று ஒத்துக்கொண்டேன். நான் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. பாதை கூட்டும் வண்டி பின்னால் வந்து ஹாரன் அடித்தது. ஆனால் கடைசி வளைவில் அதை முந்திவிட்டேன் மாப்பிள்ளை! ஆகவே மேலே கண்டபடி அவளுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். எழுதினால் எனக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. உன் அக்காவிடமும் மூச்சு விடாதே. நான் நூலகத்துக்குப் போவதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்றுதான் என் சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, “அப்படி என்ன புத்தகங்க படிக்கிறீங்க, டயர் நாத்தம் அடிக்குது?” என்று கேட்டாள்.