துணிக்குப் பாராட்டு

படகுக்காரன் மனைவி பிள்ளையின் மூத்திரத் துணிகளை அலசிப் பிழிந்துகொண்டிருந்தபோது, அலுவலகச் சிப்பந்தி பித்தளைக் கேடயத்தோடு வாசலில் வந்து நின்றார். கவிழ்ந்த படகிலிருந்து நாலு மீனவர்களை அவள் புருஷன் கரைசேர்த்தான் அல்லவா, அந்தத் தீரச் செயலை அரசாங்கம் மறக்கவில்லை.

அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள். 'நடுக்கடலில் நால்வரை மீட்ட துணிக்குப் பாராட்டு.'

"அண்ணே, துணிவுக்குன்னுல்ல இருக்கணும்? 'வு'வைக் காணோமே."

சிப்பந்தி கேடயத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் போயிருக்குமோ என்று. "ஆபீசுக்கு வந்து கேளும்மா. தூக்கிட்டு வர்றதோட என் வேலை சரி."

புருஷன் கடலில். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளே போனாள். அதிகாரி கேடயத்தை ஆழ்ந்து பரிசீலித்தார்.

"பித்தளையில வெட்டினதைத் திருத்த விதி இல்லம்மா. நடந்ததைத் திருத்திக்கலாம். அன்னைக்குப் படகுல துணி ஏதாவது இருந்துச்சா?"

அவளுக்குப் பொய் சொல்ல வராது. "கயிறு எட்டலைன்னு, போத்தியிருந்த போர்வையை முடிஞ்சு வீசினாரு சார்."

அதிகாரிக்கு முகமெல்லாம் பல். "பாத்தீங்களா, கேடயம் சரியாத்தான் சொல்லுது! எங்க அந்தப் போர்வை?"

"பிள்ளைக்குத் தொட்டில் கட்டியிருக்கேன். அதுல போட்டாத்தான் தூங்குவான்."

"அரசு கௌரவிச்ச போர்வையிலயா ஒண்ணுக்குப் போறான்?"

அன்று மாலையே போர்வை தக்க மரியாதையுடன் கைப்பற்றப்பட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் போனது. பிள்ளை வேறெதிலும் தூங்க மாட்டேன் என்று வீட்டை ரெண்டாக்கினான். அவளுக்கும் கண் மூடவில்லை.

ஊருக்குத்தான் கண் திறந்தது. நீலக் கட்டம் போட்ட அந்தத் துணிக்கு 'வீரத்துணி' என்று பேர் வந்தது. சட்டை, பை, தலையணை உறை, நாய்க்குக் கழுத்துப்பட்டை, எல்லாம் நீலக் கட்டம். அசல் போர்வை ஓரத்தில் கிழிந்திருந்ததால், கிழிசல் வைத்துத் தைத்ததற்கு விலை கூட. குளிக்கப் பயப்படுகிற அதிகாரிகூட நீலக் கட்டச் சட்டைக்குள் நெஞ்சை நிமிர்த்தி நடந்தார்.

விழா நாள் வந்தது. மேடையில் நடு நாற்காலி போர்வைக்கு, பக்கத்து நாற்காலி விழாத் தலைவருக்கு. வெள்ளைச் சட்டையில் வந்த புருஷனை வாசலிலேயே மறித்துவிட்டார்கள்.

"வீரத்துணி போடாதவங்களுக்கு அனுமதி இல்ல. போர்வை வீட்டம்மா மட்டும் உள்ள போகலாம்."

காப்பாற்றப்பட்ட நாலு பேரும் நீலக் கட்டத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் மூத்தவரிடம் அவள் ஓடினாள்.

"மாமா, யாரு இழுத்ததுன்னு நீங்களாவது சொல்லுங்க. அப்பத்தான் போர்வையைத் திருப்பித் தருவாங்க."

பெரியவர் நெளிந்தார். "அந்த முனையில உன் வீட்டுக்காரன் இருந்திருப்பான்மா, இல்லைங்கல. ஆனா நான் பிடிச்சது துணியைத்தானே? மேடையேறிப் பொய் பேசச் சொல்றியா?"

அதற்குள், போர்வையின் சார்பில் ரெண்டு வார்த்தை பேச அவளையே அழைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரியிடம் உப்பு கேட்கவே கூச்சப்படுகிறவள். மைக்கை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாருக்கும் வணக்கம். எங்களுக்குக் கேடயமெல்லாம் வேணாம். என் பிள்ளை தூங்கணும், அவ்வளவுதான். தயவுசெஞ்சு அந்தப் போர்வையை எனக்குத் திருப்பி—"

"துணியம்மா!" கைதட்டலுக்கு மேல் அதிகாரி கத்தினார். "பேச்சை விட்டுட்டு இங்க வாங்க. தலைவர் தோள்ல போத்தணும், எது நல்ல பக்கம்னு எங்க யாருக்கும் தெரியல!"