என் தலைக்குள் ட்யூட்டியில் இருப்பது யார்?

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீ, மாப்பிள்ளை, பிறந்து இருபது நாளே ஆன என் பேத்தி மூவரும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உன் அம்மா நலம், நானும் கழுத்துவரை நலம். போனில் சொன்னால் உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், ஆகவே கடிதம்.

குழந்தையைப் பார்க்க உன் அம்மா மட்டும் வருவாள், நான் வரவில்லை. போன வாரம் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடிக் குனிந்தவன் சட்டென்று எழுந்தேன், கண் இருட்டி, அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டரம்மா சோதித்துவிட்டு, "பயப்பட ஒண்ணுமில்ல சார். பிரஷர் ஏறினா மூளை தன் ரத்தக்குழாயச் சுருக்கிக்கும், இறங்கினா விரிச்சுக்கும், ரத்தம் ஒரே அளவுல போயிட்டிருக்கும். திடீர்னு எழுந்தா மட்டும் அதுக்கு அஞ்சாறு செகண்ட் வேணும்" என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். முப்பத்தொரு வருஷம் குடிநீர் பம்ப் ஹவுசில் வால்வுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவன் நான், பிரஷர் ஏறினால் மூடுவேன், இறங்கினால் திறப்பேன், ஒண்ணுக்குப் போனால்கூட ஆள் மாற்றிவிட்டுத்தான் போவேன். என் தலைக்குள் அந்த வால்வில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அந்த ஆள் தூங்கிவிட்டால் என்ன கதி என்று கேட்டேன். டாக்டரம்மா அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

சரி, நானே ட்யூட்டி பார்க்கிறேன் என்று மெஷின் வாங்கி அரைமணிக்கொரு தடவை பிரஷர் பார்த்தேன். மேல்மாடிக்கு எப்பவும் தண்ணி கம்மியாத்தானே ஏறும் என்று, கீழே ஒரு தடவை, மூன்று மாடி ஏறி மொட்டைமாடியில் ஒரு தடவை பார்த்தால், மேலேதான் அதிகம்! பதறிப்போய் ஓடி இறங்கி மறுபடி பார்த்தேன், இன்னும் அதிகம். உன் அம்மா, "இப்படி ஓடினா ஏறாம என்ன பண்ணும்? அந்தப் பட்டையக் கழட்டுங்க, உங்களப் பாத்து எனக்குத்தான் ஏறுது" என்றாள். அவளுக்கும் பார்த்தேன், ஏறித்தான் இருந்தது.

சிரிக்காதே. பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நான் எழுந்திருக்கும்போது அந்த அஞ்சாறு செகண்டில் ஏதாவது ஆகிவிட்டால்? பயமாக இருக்கிறது, கண்ணு. போட்டோ அனுப்பு, போதும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. குழந்தைக்கு நூறு வருஷத்துக்கான ஆசி.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: கவர் தேடி எழுந்து, வீடெல்லாம் அலசிவிட்டு இப்போதுதான் மணியைப் பார்த்தேன். எழுத உட்கார்ந்து மூன்று மணி நேரம் ஆகிறது. மெஷினைத் தொடவே இல்லை, தலையும் சுற்றவில்லை. இவ்வளவு நேரம் வால்வைப் பார்த்துக்கொண்டது நானில்லை. அறுபத்து நாலு வருஷமாகவே நானில்லை போலிருக்கிறது. நாளை உன் அம்மாவோடு நானும் வருகிறேன், கடிதத்தைக் கையிலேயே கொண்டுவருகிறேன். நீ இதைப் படிக்கும்போது குழந்தை என் மடியில் இருப்பாள். அவள் அழுதால் நீதான் எழுந்து வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், நான் எழுந்திருக்க மாட்டேன்.