கடைசி அத்தியாயத்தில் ஒரு டீ

பதிப்பாளர் ஐயா, நீங்கள் ஒரு வாசகரைத் திருடன் என்று சொன்னீர்கள். போனில் சொன்னீர்கள். ஸ்பீக்கர் போட்டிருந்தது, பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். உங்கள் பெயரை இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நீங்கள் திருடன் என்று சொன்ன அந்த ஆளைவிட அதிகமாகப் புத்தகம் படித்தவர் கல்லணையிலிருந்து கடல்வரை யாரும் கிடையாது. தஞ்சாவூரில் நான் கிளார்க்காக இருக்கும் பாசன அலுவலகத்தில் அவர் டெலிபோன் ஆப்பரேட்டர். பிறவியிலேயே பார்வை இல்லை. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருக்கிறது. எங்களுக்கு அவர் ரெண்டரை.

அவருடைய செல்போன் புத்தகத்தை வாசித்துக் காட்டும், அதுவும் இரண்டரை மடங்கு வேகத்தில். நம் காதுக்கு அது மழை பெய்த மறுநாள் நடவு வயலில் தவளை கத்துவது மாதிரிக் கேட்கும். அவர் அதைக் கேட்டுச் சிரிப்பார், உச்சுக் கொட்டுவார், சில நேரம் மூக்கை உறிஞ்சுவார். மனிதர்கள் பேசுவதுதான் அவருக்குத் தாங்காது. ஒரு மீட்டிங்கில் இன்ஜினியர் தூர்வாரும் வேலையைப் பற்றி நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார். "சார், கொஞ்சம் ஓட்டி விடுங்க" என்றார் ரெண்டரை. இன்ஜினியர் பாவம், நிஜமாகவே வேகமாகப் பேசி முடித்தார்.

ஆபீசுக்கு வரும் போனில் பாதி தண்ணீருக்கு, பாதி புத்தகத்துக்கு. கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்று ஒரு விவசாயி கத்திவிட்டு வைத்ததும், முத்துப்பேட்டையிலிருந்து பார்வையில்லாத ஒரு காலேஜ் பெண் கூப்பிடும். இருவரிடமும் ஒரே கறார்தான்.

"என்ன புத்தகம்மா? தமிழா, இங்கிலீஷா? எழுத்தா வேணுமா, ஆடியோவா?"

"ஆடியோ இருந்தா நல்லதுங்க சார்."

"கதைன்னா ஆடியோ சரி. பரீட்சைக்குன்னா எழுத்துதாம்மா. ஆடியோல ஸ்பெல்லிங் பாக்க முடியாது. நம்மள மாதிரி ஆளுங்களுக்குன்னே இலவச ஆன்லைன் லைப்ரரி இருக்கு. சர்டிபிகேட்ட ஏத்தி மெம்பராயிக்க. இங்கிலீஷ் கொட்டிக் கிடக்கும். தமிழ் கொஞ்சந்தான். அதுல இல்லாதத எங்கிட்ட கேளு."

அந்த மாதிரி ஒரு லைப்ரரியில் அவர் சேர்ந்ததே பெரிய கதை. எல்லாவற்றையும் நிரப்பிவிட்டார். கடைசியில், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்கப் படத்தில் தெரியும் எழுத்தை டைப் செய்யுங்கள் என்று கேட்டது. பார்வையில்லாதவர்கள் சேரும் இடத்தில் இந்தக் கேள்வி! போனைத் தூக்கிக்கொண்டு நேராக இன்ஜினியர் அறைக்குள் போனார்.

"சார், நான் மனுஷன்தான்னு நீங்க ஒரு சாட்சி சொல்லணும்."

இன்ஜினியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டைப் செய்தார். தப்பு என்று வந்தது. இரண்டாவது தடவையும் தப்பு. "நீங்க முதல்ல உங்களுக்கு ஒரு சாட்சி தேடுங்க சார்" என்றார் ரெண்டரை. மூன்றாவது தடவைதான் இரண்டு பேரும் மனிதர்களானார்கள்.

இப்படிப்பட்ட ஆளுக்கு ஒரு நாவல் மேல் ஆசை வந்தது. ஐயா, நீங்கள் போட்ட நாவல்தான். அதில் ஒரு மதகுக்காரர் வருகிறார். வயதான காலத்தில் அவருக்குப் பார்வை போய்விடுகிறது. ஆனாலும் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டே மதகைத் திறந்து மூடுகிறார். ரேடியோவில் யாரோ அந்தக் கதையைப் பற்றிச் சொல்லக் கேட்டதிலிருந்து ரெண்டரைக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"கதைல வர்ற குருடனெல்லாம் ஒண்ணு பாடுறான், இல்ல பிச்சை எடுக்குறான், அதுவும் இல்லன்னா புத்தி சொல்றான். இந்த ஆளு ஒருத்தன்தான் மேடம், காலைல எந்திரிச்சு வேலைக்குப் போறான்."

இலவச லைப்ரரிகளில் தேடினார். இல்லை. வாட்ஸ்அப் குழு ஒன்றில் ஓசியாகச் சுற்றிக்கொண்டிருந்தது, ஆனால் யாரோ பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துப் போட்டது. ரெண்டரையின் போன் அதைத் திறந்தவுடன் வாசித்தது: "பக்கம் ஒன்று, படம். பக்கம் இரண்டு, படம். பக்கம் மூன்று, படம்." பதினேழாவது பக்கம்வரை பொறுமையாகக் கேட்டார். "நல்ல நாவல்தான். கொஞ்சம் ஒரே மாதிரி போவுது" என்றார்.

நான் நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தேன். ஏதோ ஒரு மழையில் ஊறிப் பூசணம் பிடித்த பிரதி. போட்டோவை எழுத்தாக மாற்றும் ஆப்பில் போட்டுப் பார்த்தார். ஒரு வரி தமிழாக வந்தால் இரண்டு வரி எந்தப் பாஷை என்றே தெரியவில்லை.

அப்போதுதான் ஐயா, உங்களைக் கூப்பிட்டார். டைப் செய்த பைல் உங்களிடம் இருக்குமே, அதைக் கொடுங்கள், விலையும் தருகிறேன் என்றார். பார்வையில்லாதவர்கள் படிக்கும் வடிவத்துக்குப் புத்தகத்தை மாற்றிக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது என்பதையும் மரியாதையாகத்தான் சொன்னார்.

"பைல குடுத்தா நாளைக்கே வாட்ஸ்அப்ல சுத்தும்" என்றீர்கள்.

"ஏற்கெனவே சுத்துதுங்க. ஊர்ல எல்லாரும் படிக்கிறாங்க. என்னாலதான் படிக்க முடியல."

"திருடன் இப்படித்தான் பேசுவான்" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

ரெண்டரை அடுத்து வந்த போனை எடுத்து, "வணக்கம், பாசன அலுவலகம்" என்றார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. "நான் படிக்கிறேன் சார், ரெக்கார்டு பண்ணிக்குங்க" என்றேன்.

தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஆப்பரேட்டர் அறையில் உட்கார்ந்து படித்தேன். அந்த ரெக்கார்டை இப்போது கேட்டாலும் சிரிப்பு வரும். காதலி ஆற்றங்கரையில் கண் கலங்கி நிற்பாள், நடுவில் ரெண்டரையின் குரல்: "தொறந்தாச்சுங்க, சாயங்காலத்துக்குள்ள உங்க வாய்க்காலுக்கு வந்துரும்." இன்னொரு இடத்தில் மதகுக்காரரின் மருமகன் பெண்டாட்டியை அடிப்பான். "இவனைச் செருப்பால அடிக்கணும்" என்று என் குரல்.

"மேடம், அது புத்தகத்துல இருக்கா?"

"இல்ல சார்."

"அப்ப புத்தகத்த மட்டும் படிங்க. செருப்ப கடைசில எடுத்துக்கலாம்."

கடைசி அத்தியாயம் வந்தது. வெள்ளம் வருகிறது. மதகுக்காரர் சத்தத்தை வைத்தே நடந்துபோய் மதகைத் திறந்துவிடுகிறார். ஊர் தப்பிக்கிறது. திரும்பும்போது கால் வழுக்கி விழுந்து செத்துப்போகிறார்.

விழுகிற வரியில் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். ரெண்டரை மோவாயில் கையை வைத்துக்கொண்டு, மூச்சு விடாமல், நாற்காலியின் நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். என் வாய்க்கு ஆபீசுக்கு வரும் காண்டிராக்டர்களே பயப்படுவார்கள். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்த மனிதரைச் சாகடிக்க முடியவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு நானே சொன்னேன்: "பெரியவர் நாணலைப் பிடித்துக் கரையேறினார். ஈர வேட்டியைப் பிழிந்தார். டீக்கடைக்குப் போய், ஸ்ட்ராங்காக ஒரு டீ போடு என்றார்."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார்."

"டீயோடயா?"

"டீயோடதான்."

"பெரிய ரைட்டர்தான்" என்றார்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. நூலகத்து வாசகர் வட்டத்தில் அதே நாவலைப் பற்றிப் பேச்சு வந்தது. ரெண்டரை முதல் ஆளாக மேடையேறினார். "கண்ணு தெரியாதவன சாகடிச்சுக் கைதட்டு வாங்குறது சுலபம். இவரு அவனுக்கு டீ வாங்கிக் குடுத்தாரு பாருங்க, அவருதான் எழுத்தாளரு" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. முன் வரிசையில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "சார், அவரு செத்துடுறாருங்களே." எங்கோ ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு ஒரு குரல்: "யாரோ தப்பா படிச்சுக் காட்டியிருக்காங்க, பாவம்."

அந்தப் 'பாவம்' அவர் காதில் விழுந்ததைப் பின்வரிசையிலிருந்தே பார்த்தேன்.

"மன்னிக்கணும். நான் சரியா படிக்கல" என்று மைக்கில் சொல்லிவிட்டு இறங்கினார். என் பெயரைச் சொல்லவே இல்லை. நானும் எழுந்து, தப்பு என்னுடையது என்று சொல்லவில்லை. அதுவும் என் கணக்கில்தான்.

மறுநாள் அவர் அறைக்குப் போனேன். "திட்டிடுங்க சார்" என்றேன்.

"உங்களத் திட்டி என்னங்க மேடம். சின்னப் புள்ளையிலேருந்து யாராவது ஒருத்தர் எனக்குப் படிச்சுக் காட்டிக்கிட்டுத்தான் இருக்காங்க. எல்லாரும் என்மேல பாசமானவங்க. அதுல எத்தனை புத்தகத்துல எத்தனை பேரு டீ குடிச்சானுங்களோ, எனக்கு எப்படித் தெரியும்?"

ரெண்டரை செல்போனைத் தட்டிக் காட்டினார்.

"இந்த மிஷினுக்கு என்மேல பாசமே கிடையாது. அதான் அதுகிட்ட கேக்குறேன்."

பிறகு ரெக்கார்டைப் போட்டு அந்தப் போனையே என் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க. கடைசிப் பக்கத்த உள்ளது உள்ளபடி படிங்க."

படித்தேன். விழுகிற இடத்தில் வேகம் குறைந்தது. "ஸ்பீடா, மேடம்" என்றார். வேகமாகப் படித்தேன். மதகுக்காரர் செத்தார். ரெண்டரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான் சரி. வேலை பாத்துட்டுச் செத்தான்" என்றார்.

பழைய ரெக்கார்டை அழித்துவிடச் சொன்னேன். மறுத்துவிட்டார். அவர் போனில் இப்போது இரண்டு பைல் இருக்கிறது. ஒன்றின் பெயர் 'கடைசி அத்தியாயம்'. இன்னொன்றின் பெயர் 'கடைசி அத்தியாயம், மேடம் எழுதியது'.

பதிப்பாளர் ஐயா, அந்த பைல் உங்கள் கம்ப்யூட்டரில் சும்மா கிடக்கிறது. கொடுப்பீர்களா, மாட்டீர்களா? திருடன் என்று சொன்னது சரியா, தப்பா? இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. இனி இந்தப் பத்திரிகையிலேயே, ஊரறியப் பதில் எழுதுங்கள். இது இணையத்தில் எழுத்தாகவே வருகிறது, ரெண்டரை தானே படித்துக்கொள்வார். என்னைப் படித்துக் காட்டும்படி மட்டும் வைத்துவிடாதீர்கள். உங்கள் பதில் மோசமாக இருந்தால் நான் அதையும் மாற்றிப் படித்துவிடுவேன்.