குரவைக்குத் தடை இல்லை

பேசாத ஆளுக்கு ஊரில் எப்போதும் பெரிய பொறுப்பாகத்தான் கொடுப்பார்கள். மறுத்துச் சொல்ல அவனுக்கு வாய் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அப்படித்தான் எங்கள் தன்னாமுனை மைதானத்தில் கூடுகிற சனத்தின் சத்தத்துக்குப் பொறுப்பாளர் என்ற பதவி எனக்கு வந்தது. (என் சைக்கிள் கடைக்கு வருகிறவரிடம் எந்தச் சில்லு பஞ்சர் என்றுகூடக் கேட்கமாட்டேன். நானே தடவிப் பார்த்துக் கண்டுபிடிப்பேன்.)

எங்கள் உதைபந்தாட்டக் கழகம் முதல்தடவையாக அரையிறுதிக்கு வந்திருந்தது. கதிரவெளி அணியோடு ஆட்டம், அதுவும் எங்கள் மைதானத்தில். அணித்தலைவன் என் மனைவியின் தம்பி ரவி. வயது முப்பத்தைந்து, முழங்கால் போய்விட்டது. அந்த வருடத்தோடு விளையாட்டை விடுவதாக இருந்தான். விடுவதற்குள் ஒரேயொரு இறுதிப்போட்டி ஆடிவிட வேண்டும், அவ்வளவுதான் அவன் ஆசை.

ஆட்டத்துக்குச் சில நாட்கள் இருக்கும்போது, போட்டியை நடத்துகிற உதைபந்தாட்டச் சங்கத்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பறை, மேளம், வெடி, விசில், ஒலிபெருக்கி, வாகன ஹோன் எதுவும் கூடாது. முதல் தடவை எச்சரிக்கை. இரண்டாம் தடவை, வெற்றி எதிரணிக்கு. சொந்த மைதான அணி இதற்கெல்லாம் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும்.

"சத்தமில்லாம ஆடுறதுக்கு இது என்ன செத்த வீடா?" என்று ரவி கொதித்தான்.

"செத்த வீட்டுலயாவது பறை அடிப்பாங்க" என்றாள் என் மனைவி பாக்கியம். கடிதத்தை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள். பிறகு மெல்லச் சிரித்தாள். "டேய், குரவை எண்டு இதுல எங்கயும் இல்லையே!"

கல்யாணத்திலும் கோயிலிலும் எங்கள் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டால், வாவிக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாடும் தலை தூக்கும். ரவி துள்ளி எழும்பினான்.

"கதிரவெளிக்காரன் பந்தை வச்சு அடிக்கக்குள்ள குரவை போடணும். நம்மட பெடியன் அடிக்கக்குள்ள மூச்சும் விடப்படாது. அத்தான், நீங்க தோள்ல கிடக்கிற துவாயத் தூக்கினா போடுவாங்க, தூக்காட்டி பேசாம இரிப்பாங்க. உங்களுக்கு வாயே தேவையில்ல!"

வாய் தேவையில்லாத வேலை. தலையாட்டினேன்.

ஆட்டத்தன்று எனக்கு மஞ்சள் நிறத்தில் ஒரு நைலோன் மேலங்கி மாட்டிவிட்டார்கள். எனக்குப் பின்னால் பாக்கியத்தின் தலைமையில் நாற்பது பெண்கள். கதிரவெளிக்கு, மூலைக்கொடியடியில் பந்தை வைத்து அடிக்கிற முதல் கோணர் கிடைத்தது. துவாயைத் தூக்கினேன். எழும்பிய குரவையில் அடிக்கிறவன் காலை எங்கேயோ வைத்து எங்கேயோ அடித்தான். பந்து கொடிக்குப் பின்னால் போனது.

அவர்களுடைய பயிற்சியாளர் நடுவரிடம் ஓடினார். "சேர், இது மேட்சா, கலியாண வீடா?"

நடுவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். "குரவை எண்டு இதுல இல்ல தம்பி. வாய்தானே."

என் வாழ்க்கையில் முதல்தடவையாக நான் கை தூக்க ஊரே சத்தம் போட்டது. நெஞ்சு தானாக நிமிர்ந்தது. தேவையே இல்லாத ஒரு நேரத்தில், சும்மா ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். அதற்கும் போட்டார்கள்!

ஆட்டம் முடியச் சொற்ப நேரம். ஒன்றுக்கு ஒன்று. அப்போது எங்களுக்கு ஒரு பெனல்டி கிடைத்தது.

ரவி பந்தை வைத்தான். மைதானம் அடங்கியது. வாவியில் தூரத்தில் போகிற இயந்திரத் தோணியின் சத்தம்கூடக் கேட்டது. ரவி ஓடத் தொடங்கினான். அந்த நைலோன் மேலங்கிக்குள் நான் அவிந்துகொண்டிருந்தேன். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துவாயை எடுத்துத் துடைத்தேன்.

அவ்வளவுதான் செய்தேன். சத்தியமாக அவ்வளவுதான்.

நாற்பது பெண்களும் ஒன்றாகக் குரவை போட்டார்கள். ரவி காலைத் தூக்கிய இடத்திலேயே ஒரு கணம் திடுக்கிட்டான். பந்து கம்பத்துக்கு மேலால், தென்னைக்கும் மேலால் போய் வாவியில் விழுந்தது. நான் விறைத்துப்போய் நின்றேன். துவாய் இன்னும் என் முகத்தில் இருந்ததால் குரவையும் நிற்கவில்லை.

எங்கள் வீரர்கள் பதினொரு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கதிரவெளிக் கோல்காப்பாளன் வேறொரு பந்தை வாங்கி வைத்து நீளமாக அடித்தான். அதைத் துரத்திப் போன அவர்களுடைய ஆள், ஒருவரும் தடுக்காமல், நடந்துபோகிற மாதிரிப் போய்க் கோல் போட்டான். நடுவர் விசில் ஊதினார். முடிந்தது.

ரவி நொண்டிக்கொண்டு என்னிடம் வந்தான். அடிக்கப் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"அத்தான்... என்னத்துக்கு?"

"வேர்த்திச்சு" என்றேன். அன்றைக்கு முழுவதும் நான் பேசிய ஒரே சொல்.

பாக்கியத்தைப் பார்த்தேன். "என்னை ஏன் பார்க்கிறீங்க? நீங்க தூக்கினீங்க, நாங்க போட்டம். மறுகா என்ன செய்யச் சொல்றீங்க?" என்றாள்.

ரவி அதற்குப் பிறகு சப்பாத்துப் போடவில்லை. இறுதிப்போட்டி ஆடாமலேயே விட்டான். ஒரு மாதம் எங்கள் வீட்டுப் பக்கமும் வரவில்லை. ஒரு நாள் திடீரென்று ஒரு பெரிய கடதாசி உறையோடு வந்தான். முகத்தில் சிரிப்பா கோபமா என்று தெரியவில்லை. சங்கம் எங்கள் கழகத்துக்கு அனுப்பியது அது: அந்தச் சுற்றில் ஒரு விதியும் மீறாத மைதானம் எங்களுடையதாம். பொறுப்பாளருக்குப் பாராட்டுச் சான்றிதழ்.

ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே சான்றிதழ் அதுதான். ரவியே கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் வீட்டு விறாந்தையில் ஆணி அடித்து மாட்டினான். யார் வந்தாலும், தேத்தண்ணி வருவதற்குள், முதலில் அவர்களை எழுப்பி அதன் முன்னால் நிறுத்தி உரக்க வாசிக்கவைப்பான். என் பெயருக்குக் கீழே இப்படி இருக்கிறது: "இவருடைய ஒரு கையசைவுக்கு முழுக் கூட்டமும் கட்டுப்பட்டது."

அதில் பொய் என்று ஒரு சொல்லும் இல்லை.